பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து புது எஸ்எஸ்டிக்கு மாறுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் சர்வீஸ் பண்ண ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்லயே டேட்டா வைக்கிற டிஸ்க்) போடணும்னு வர்றவங்க கேக்கிற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 ஓடுற லேப்டாப், டெஸ்க்டாப் பத்திதான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: புது டிஸ்க்ல சிஸ்டம் ஆன் ஆகி, உங்க ஃபைலை நீங்களே தொறந்து பாக்கிற வரைக்கும், உங்க டேட்டா இருக்கிறது பழைய டிஸ்க்ல மட்டும்தான். கீழ எழுதியிருக்கிற பாதி பதில் இதுல இருந்து வர்றதுதான்.

லேப்டாப் ரொம்ப ஸ்லோ. டிஸ்க்கை மட்டும் மாத்தினா போதுமா, இல்ல புது லேப்டாப்பே வாங்கிடவா?

2013ல இருந்து 2018 வரைக்கும் வாங்கின லேப்டாப்னா பெரும்பாலும் ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கும், இழுத்துப் பிடிக்கிறது உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்தான். 5400 ஆர்பிஎம்னு லேபிள்ல போட்டிருப்பான்ல, அப்படின்னா உள்ள இருக்கிற தட்டு செகண்டுக்கு 90 சுத்து சுத்துது, நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்கு (தட்டைப் படிக்கிற முனை) கீழ வந்து சேர சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அதுவே 5.5 மில்லிசெகண்ட், ஹெட் நகர்ற நேரம் அதுக்கு மேல தனி. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஏதோ ஒரு பெரிய ஃபைலை நேரா படிக்கிறதில்ல, ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலை அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தேடித் தேடிப் படிக்குது, அந்த மாதிரி வேலைக்கு இந்த டிஸ்க்கால செகண்டுக்கு நூறு தடவை கூட ஓடி எடுக்க முடியாது. எஸ்எஸ்டில சுத்துறதுக்கும் ஒண்ணும் இல்ல, நகர்றதுக்கும் ஒண்ணும் இல்ல, அதனாலதான் வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது.

டாஸ்க் மேனேஜரைத் தொறந்து பாருங்க. சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குதுன்னா எஸ்எஸ்டி போட்டா கண்டிப்பா பலன் இருக்கு. 4 ஜிபி ரேம்தான் இருக்குன்னா அதையும் கையோட 8 ஆக்கிடுங்க.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு முந்தின ப்ராசஸர்னா பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்த மெஷினையும் காசு போட்டு வேகமாக்கலாம், தப்பில்ல, ஆனா பேங்க் வேலை அதுலதான் பண்றீங்கன்னா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக்கிறதைப் பத்தி யோசிங்க.

எந்த எஸ்எஸ்டி வாங்கணும்? சாட்டாங்கறாங்க, என்விஎம்இங்கறாங்க, குழப்பமா இருக்கு.

சாட்டா, என்விஎம்இ ரெண்டும் டிஸ்க் கம்ப்யூட்டரோட பேசுற முறை, சாட்டா பழசு, என்விஎம்இ புதுசு, வேகமும் கூட. லேப்டாப்பைத் தொறந்து பாத்துட்டு வாங்குங்க, இல்லன்னா மாடல் நம்பரை வெச்சு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க. உள்ளங்கை அளவு 2.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்துல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உக்காரும். அதுல அதிகபட்சம் செகண்டுக்கு 550 எம்பி கிட்ட வரும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனா இருந்திருக்கும், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான், ஆடிச்சுன்னா கூட வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேமை ஒட்டிக்கோங்க.

சூயிங்கம் பட்டை மாதிரி நீளமா இருக்கிறது எம்.2. அதுல 2280ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம். நெறைய பேர் ஏமாறுறது இங்கதான்: எம்.2ங்கறது வடிவம் மட்டும்தான், அதுக்குள்ள ஓடுறது சாட்டாவாவும் இருக்கலாம் என்விஎம்இயாவும் இருக்கலாம். ஸ்லாட் சாட்டாவை மட்டும் எடுக்கும்னா என்விஎம்இ அதுல மாட்டினாலும் தெரியவே தெரியாது.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கு. 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாத்த முடியுமா?

முடியும், ஆனா நேரா முடியாது. 500 ஜிபின்னு விக்கிறது விண்டோஸ்ல 465ன்னு காட்டும், 480 வந்து 447ன்னு காட்டும் (விக்கிறவங்க ஆயிரத்தால கணக்குப் போடறாங்க, விண்டோஸ் 1024ஆல போடுது, யாரும் திருடல). டேட்டா 200 ஜிபிதான் இருந்தாலும் பார்ட்டிஷன் (சி டிரைவ் மாதிரி டிஸ்க்ல பிரிச்சு வெச்ச பகுதி) 465க்கும் பரவி இருந்தா நகல் எடுக்கிற சில சாஃப்ட்வேர் இடம் பத்தாதுன்னு நின்னுடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி ஷ்ரிங்க் வால்யூம் குடுத்து முதல்ல சுருக்கிட்டு அப்புறம் பண்ணணும். காசு இருந்தா பழசை விடப் பெருசா ஒண்ணு வாங்கிடுங்க, இந்தத் தலைவலியே இருக்காது.

க்ளோன் பண்றதா, புதுசா விண்டோஸ் போடறதா? எது நல்லது?

க்ளோன்னா பழைய டிஸ்க்ல இருக்கிறதை விண்டோஸோட சேர்த்து அப்படியே புதுசுல நகல் எடுக்கிறது. என்னைக் கேட்டா, சிஸ்டம் ஒழுங்கா ஓடுது, வேகம் மட்டும்தான் இல்லன்னா க்ளோன். வைரஸ், திடீர்னு ப்ளூ ஸ்க்ரீன், தொறந்தா விளம்பரம் வர்ற ப்ரவுசர், இதெல்லாம் இருந்தா புதுசா போடுங்க, ஏன்னா க்ளோன் பண்ணா அழுக்கோட சேர்ந்து அப்படியே வரும். கடையில கணக்கு எழுதுற மெஷின், பழைய ப்ரிண்டர் ட்ரைவர் எப்படியோ ஓடிக்கிட்டிருக்கிற மெஷின், டிடிபி (பத்திரிகை, நோட்டீஸ் டிசைன் பண்ற) மெஷின் இந்த மூணுக்கும் நான் எப்பவும் க்ளோன்தான். சிடி தொலஞ்சு போன சாஃப்ட்வேர் ஒண்ணாவது அதுல இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்?

முதல்ல டிஸ்க் உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, தொறந்தா நீலத்துல குட்ன்னு வந்தா சரி, மஞ்சள்ல காஷன்னு வந்தா உடனே நிறுத்திட்டு அடுத்த கேள்விக்கு வாங்க. கரண்ட் பெண்டிங் செக்டார்னு ஒரு வரி இருக்கும், அது படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற இடங்களோட எண்ணிக்கை. அங்க பூஜ்யம்தான் இருக்கணும்.

அடுத்து, இழந்தா திரும்பக் கிடைக்காத ஃபைலை மட்டும் தனியா ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுங்க. குடும்ப போட்டோ, கணக்கு, சான்றிதழ் ஸ்கேன். க்ளோன் பண்ணத்தானே போறோம் எதுக்கு தனியான்னு கேப்பாங்க. க்ளோன்ங்கறது ஒரு டிஸ்க்கை இன்னொண்ணு மேல எழுதுற வேலை, திசை மாறினா ரெண்டுமே காலி.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் என்க்ரிப்ஷன்) ஆன்ல இருக்கான்னு கட்டாயம் பாருங்க. நாம ஆன் பண்ணவே இல்லையேன்னு சொல்லாதீங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள நுழைஞ்சா பல லேப்டாப்ல அதுவாவே ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க ரெகவரி கீ இருக்கு, அதைப் பேப்பர்ல எழுதி வெச்சுட்டு என்க்ரிப்ஷனை முழுசா ஆஃப் பண்ணுங்க, அது முடிய கொஞ்ச நேரம் எடுக்கும். புது டிஸ்க்ல எல்லாம் சரியா வந்ததும் திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஹைபர்னேட் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ண மாதிரி தெரியுமே தவிர விண்டோஸ் பாதித் தூக்கத்துல இருக்கும், அந்த நிலைமையில காப்பி எடுத்தா ஃபைல் சிஸ்டம் அரைகுறையா வரும். டெஸ்க்டாப்னா யுபிஎஸ் வேணும். லேப்டாப்னா பேட்டரி முழுசா ஏத்திட்டு சார்ஜரையும் மாட்டிட்டு உக்காருங்க, மின்வெட்டு சொல்லிட்டு வராது.

டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வருது. க்ளோன் பண்ணலாமா?

பண்ணாதீங்க. அந்தச் சத்தம் வந்தா சாதாரண க்ளோன் சாஃப்ட்வேரைத் தொடவே கூடாது.

எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஒரு டிடிபி சென்டர் வெச்சிருக்கார், பத்து வருஷ கல்யாணப் பத்திரிகை டிசைன், விசிட்டிங் கார்டு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் ஒரே 320 ஜிபி டிஸ்க்ல. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணார், "மாப்ள, க்ளோன் போட்டேன், 63ல நிக்குது, மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்"னார். போனை டிஸ்க்குக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லிக் கேட்டேன். டக், ஒரு சின்ன இடைவெளி, டக், டக், அப்புறம் மோட்டார் வேகம் குறையுற மாதிரி ஒரு முனகல். ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணும்போதும் ஹெட் அதே கெட்டுப் போன இடத்துல போய் போய் முட்டிக்கிட்டிருந்திருக்கு. உடனே ப்ளக்கைப் புடுங்கச் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போனேன்.

அந்த மாதிரி டிஸ்க்குக்கு க்னூ டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ்ல ஓடும், இலவசம். மத்த சாஃப்ட்வேர் கெட்ட இடத்துல நின்னு மல்லுக்கட்டும், இது அப்படி இல்ல, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போயி நல்லா இருக்கிற இடத்தையெல்லாம் முதல்ல எடுத்துடும், கடைசியாத்தான் விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வரும். எங்க விட்டோம்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும், அதனால நடுவுல நிறுத்தி டிஸ்க்கை ஆற விட்டுத் திரும்ப ஆரம்பிச்சாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். மாமாவோட டிஸ்க்கு ரெண்டு ராத்திரி ஓடுச்சு, கடைசியில வராதது 40 எம்பிக்கும் கீழதான், ஆனா அந்தச் சின்ன இடத்துலயே ரெண்டு பத்திரிகை டிசைன் போயிடுச்சு. முதல் தடவை நின்னப்பவே கூப்பிட்டிருந்தா அதுவும் வந்திருக்கலாம்னு எனக்கு இன்னமும் தோணுது.

டிஸ்க்கை ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் கோத்துக்கும். டேட்டா விலை மதிக்க முடியாததுன்னா டிடிரெஸ்க்யூ கூட வேணாம், ஆன் பண்ணாம அப்படியே க்ளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வசதி இருக்கிற ரெகவரி இடத்துக்குக் கொண்டு போங்க. செலவு நெறைய ஆகும், முன்னாடியே கேட்டுக்கோங்க.

நல்ல டிஸ்க்தான். என்ன சாஃப்ட்வேர் போடறது?

எஸ்எஸ்டி கம்பெனி குடுக்கிற சாஃப்ட்வேர் இருந்தா முதல்ல அதைப் பாருங்க, விண்டோஸ் உள்ளயே ஓடும், கேள்வி கம்மியா கேக்கும். சாம்சங் அவங்களே ஒண்ணு வெச்சிருக்காங்க, வேற சில கம்பெனிங்க அக்ரானிஸ்ங்கற க்ளோன் சாஃப்ட்வேரைக் குடுக்கிறாங்க. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசமா நல்லா இருந்துச்சு, அந்த இலவசப் பதிப்பை நிறுத்திட்டாங்க, இப்ப வேற யாரோ ஏத்தி வெச்சிருக்கிற பழைய காப்பியைத் தேடி டவுன்லோட் பண்ணாதீங்க.

நான் தினமும் போடறது க்ளோன்ஸில்லா. தைவான்ல இருக்கிற அரசு கணினி மையத்துல உருவானது, இலவசம், பென்டிரைவ்ல ஏத்தி அதுல இருந்து பூட் பண்ணணும் (விண்டோஸுக்குப் பதிலா அதுல இருந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணணும்). நீலமும் சாம்பலுமா பழைய காலத்து ஸ்க்ரீன் வரும், பயப்படாதீங்க. மவுஸ்லயே வேலை நடக்கணும்னா ரெஸ்க்யூஸில்லா போடுங்க.

புது எஸ்எஸ்டியை வெளிய இருந்து மாட்ட ஒரு யுஎஸ்பி சாட்டா கேபிளோ, எம்.2ன்னா அதுக்கான டப்பாவோ வேணும்.

ரெண்டு டிஸ்க் காட்டுது. எது பழசு எது புதுசுன்னு எப்படித் தெரியும்?

இதுதான் கை நடுங்க வேண்டிய இடம். மாட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு டிஸ்க்கோட லேபிளையும் பாத்து சீரியல் நம்பர்ல கடைசி நாலு எழுத்தைப் பேப்பர்ல எழுதுங்க, "பழசு, இதுல இருந்து", "புதுசு, இது மேல"ன்னு. ஸ்க்ரீன்ல டிஸ்க் பேரு, மாடல், சைஸ் எல்லாம் காட்டும், பேப்பரோட ஒத்துப் பாருங்க. சைஸை மட்டும் நம்பாதீங்க, ரெண்டும் 500ஆ இருந்தா போச்சு. க்ளோன்ஸில்லா ஒண்ணுக்கு ரெண்டு தடவை நிச்சயமான்னு கேக்கும், கேக்கும்போதெல்லாம் பேப்பரைத் திரும்பப் பாருங்க, அவசரத்துல வொய் அழுத்தாதீங்க. மத்த எல்லா பென்டிரைவையும் வெளி டிஸ்க்கையும் கழட்டி மேசையில இருந்தே எடுத்துடுங்க.

எவ்வளவு நேரம் ஆகும்?

200 ஜிபி டேட்டான்னு வெச்சுக்கோங்க. யுஎஸ்பி 3ல, பழைய டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி குடுத்துச்சுன்னா 35 நிமிஷம் கிட்ட. அதே கேபிளை யுஎஸ்பி 2 ஓட்டையில சொருகினா 35 எம்பிதான் வரும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகும். நிஜத்துல குட்டி ஃபைல் நெறைய இருந்தா இன்னும் கூடும். பல லேப்டாப்ல யுஎஸ்பி 3 ஓட்டைக்குள்ள நாக்கு நீலமா இருக்கும், அதுல மாட்டுங்க.

க்ளோன் முடிஞ்சுது. அடுத்து?

ஷட்டவுன் பண்ணி பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டு புதுசை உள்ள மாட்டுங்க. புதுசை வெளிய கேபிள்ல தொங்க விட்டுட்டு பூட் ஆகுதான்னு பாக்காதீங்க, விண்டோஸ் யுஎஸ்பில இருந்து சாதாரணமா பூட் ஆகாது, க்ளோன் கெட்டுப் போச்சுன்னு தப்பா நினைச்சுடுவீங்க.

முதல் தடவை ஆன் பண்ணும்போது புது டிஸ்க் மட்டும்தான் உள்ள இருக்கணும். ரெண்டையும் மாட்டி ஆன் பண்ணா ரெண்டுக்கும் ஒரே அடையாள எண், எதுல இருந்து பூட் ஆச்சுன்னே தெரியாது, விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன்னு ஓரங்கட்டிடும். பழசுல இருந்து பூட் ஆகியிருக்கும், புதுசுல ஓடுதுன்னு நம்பி பழசை ஃபார்மட் அடிச்சவங்க இருக்காங்க.

பூட் ஆகல. கருப்பு ஸ்க்ரீன்தான் வருது, இல்லன்னா ப்ளூ ஸ்க்ரீன்.

பதறாதீங்க, பழைய டிஸ்க் பத்திரமா இருக்கு. முதல்ல பயாஸ்குள்ள (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) போயி பூட் ஆர்டர்ல விண்டோஸ் பூட் மேனேஜர்னு புது டிஸ்க்குப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. பழைய மெஷின் லெகஸிங்கற பழைய பூட் முறையில ஓடியிருந்தா அதே முறையிலதான் இதுவும் ஓடும், யூஇஎஃப்ஐங்கற புது முறைக்கு மாத்தினா பூட் ஆகாது. முக்கியமா, சி டிரைவை மட்டும் காப்பி பண்ணியிருந்தா வராது, அதுக்கு முன்னாடி 100 எம்பி அளவுல ஒரு குட்டி பார்ட்டிஷன் இருக்கும், பூட் ஃபைல் அதுலதான் இருக்கு, முழு டிஸ்க்கையும் எடுத்திருக்கணும்.

ப்ளூ ஸ்க்ரீன்ல இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்னு வந்தா, பெரும்பாலும் சாட்டால இருந்து என்விஎம்இக்கு மாறினதாலயோ பயாஸ்ல ரெய்டு, ஏஹெச்சிஐங்கற டிஸ்க் செட்டிங்கை மாத்தினதாலயோ வர்றது. விண்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ரிப்பேர் வழியா சேஃப் மோட்ல ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தா பல மெஷின்ல தேவையான ட்ரைவர் ஏறி சரியாயிடுது.

1 டிபி போட்டேன், சி டிரைவ் இன்னும் பழைய சைஸ்லயே இருக்கு. எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலா இருக்கு.

சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவுல ரெகவரி பார்ட்டிஷன் உக்காந்திருக்கும். பக்கத்துல ஒட்டி இருக்கிற காலி இடத்தை மட்டும்தான் விண்டோஸ் சேர்த்துக்கும். ஜிபார்ட்டட்ங்கற பார்ட்டிஷன் மாத்துற இலவச சாஃப்ட்வேரைப் பென்டிரைவ்ல ஏத்தி, அதுல பூட் பண்ணி அந்தக் குட்டி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்திட்டு சி டிரைவை இழுத்து விடுங்க.

விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிடுமா?

போகாது. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடதான் ஒட்டியிருக்கு. டாலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) அப்படி இல்ல, டிஸ்க்கை மாத்தினா வேற மெஷின்னு எடுத்துக்கலாம், அதனால பழைய டிஸ்க்ல இருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு புதுசுல ஆக்டிவேட் பண்ணிக்கோங்க.

புதுசா விண்டோஸ் போட்டு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணேன். எதெல்லாம் விட்டுப் போகும்?

தமிழ் ஃபான்ட் முதல்ல விட்டுப் போகும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைலை புது மெஷின்ல தொறந்தா "அம்மா"ன்னு இருந்த இடத்துல இங்கிலீஷ் எழுத்து எம், கே, நடுவுல ஒரு அரைப்புள்ளி, அப்புறம் கே, ஹெச்னு நிக்கும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அழுத ஒரு டீச்சரை எனக்குத் தெரியும், இருபது வருஷ வினாத்தாள் அது. கெடவே இல்ல, ஃபான்ட் இல்ல, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கிறதைப் பழைய டிஸ்க்ல இருந்து எடுங்க, யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா உள்ளயும் இன்னொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டர் ஒளிஞ்சிருக்கும், அதையும் பாருங்க.

டாலி ப்ரைம் டேட்டா டாக்குமென்ட்ஸ்ல இருக்காது, மாத்தாம விட்டிருந்தா யூசர்ஸ்ல பப்ளிக் ஃபோல்டருக்குள்ள இருக்கும். க்ரோம் பாஸ்வேர்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை காப்பி பண்ணா வராது, பழைய விண்டோஸோட சேர்த்துப் பூட்டி வெச்சிருக்கும், அங்க இருக்கும்போதே சின்க் பண்ணிடணும்.

லினக்ஸ், மேக்?

லினக்ஸ்னா க்ளோன்ஸில்லாவே போதும். ஃபைலை மட்டும் காப்பி பண்ணி மாத்தினா எஃப்எஸ்டேப்ங்கற ஃபைல்ல இருக்கிற பழைய யூயூஐடியை (பார்ட்டிஷனோட அடையாள எண்) மாத்தி, க்ரப்பை (லினக்ஸை பூட் பண்ற சாஃப்ட்வேர்) திரும்பப் போடணும். மேக்னா டைம் மெஷின்ல எடுத்துட்டு மைக்ரேஷன் அசிஸ்டென்ட்ல இறக்குறதுதான் நேர் வழி.

புது எஸ்எஸ்டியைப் பாத்துக்க ஏதாவது பண்ணணுமா?

டிஃப்ராக் (சிதறின ஃபைலை ஒண்ணா அடுக்குற) சாஃப்ட்வேர் எதுவும் போடாதீங்க. விண்டோஸ்ல ஆப்டிமைஸ் டிரைவ்ஸைத் தொறந்து சாலிட் ஸ்டேட் டிரைவ்னு காட்டுதான்னு பாருங்க, காட்டினா ட்ரிம் (அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்றது) வேலையை அதுவே பாத்துக்கும். ட்ரிம் இருக்கிறதாலயே இன்னொரு விஷயம்: ஹார்ட் டிஸ்க்ல தெரியாம அழிச்சதை மீட்டுக் குடுத்த மாதிரி எஸ்எஸ்டில குடுக்க முடியாது, அழிச்சா பெரும்பாலும் அழிஞ்சதுதான். வேகம் வந்த சந்தோஷத்துல பேக்கப்பை விட்டுடாதீங்க.

பழைய டிஸ்க்கை என்ன பண்றது?

ஒரு மாசம் தொடாதீங்க. தேதி எழுதி ஒட்டி, கவர்ல போட்டு பீரோவுல வைங்க. மாசக் கடைசியில கணக்கு முடிக்கும்போதுதான் அந்த ஃபைல் எங்கன்னு ஞாபகம் வரும்.

நல்ல டிஸ்க்கா இருந்தா அப்புறம் நூத்துக் கணக்குல விக்கிற ஒரு டப்பாவுல போட்டு பேக்கப் டிஸ்க்காவே வெச்சுக்கலாம், வருஷக்கணக்கா சும்மா எடுத்து வைக்க எஸ்எஸ்டியை விட இதுதான் தேவலை, எழுதி எழுதித் தேஞ்ச எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம கெடந்தா டேட்டா மெல்ல மறைய வாய்ப்பு இருக்கு. யாருக்காவது குடுக்கறீங்க, எக்ஸ்சேஞ்ச்ல போடறீங்கன்னா க்விக் ஃபார்மட் பத்தாது, அது எந்த ஃபைல் எங்க இருக்குங்கற அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். ஃபார்மட் பெட்டியில க்விக்னு இருக்கிற டிக்கை எடுத்துட்டு பண்ணுங்க, விஸ்டாவுல இருந்து அப்படிப் பண்ணா முழுக்க பூஜ்யம் எழுதும். டிஸ்க்ல சி, டி, ஈன்னு எத்தனை பார்ட்டிஷன் இருக்கோ அத்தனைக்கும் தனித்தனியா பண்ணணும், டியை மறந்துட்டுத்தான் நெறைய பேர் குடும்ப போட்டோவோட விக்கிறாங்க. 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். டக் டக்னு சத்தம் வந்த டிஸ்க்கை யாருக்கும் குடுக்காதீங்க, ஸ்க்ரூ கழட்டித் தட்டை வெளிய எடுத்துடுங்க. 2.5 இஞ்ச் டிஸ்க்ல அது கண்ணாடியாவும் இருக்கும், உடைச்சா தெறிக்கும், துணியில சுத்திட்டு உடைங்க.